வால் இல்லாத குருவி

ஒரு காலத்தில் நான் 14 குழுக்களில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் ஆறு, டெலிகிராமில் மூன்று, ஃபேஸ்புக்கில் ஐந்து. எல்லாமே தனியாகத் தொழில் பார்க்கும் கிராஃபிக் டிசைனர்களுக்குக் கிளையன்ட் பிடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்ட குழுக்கள். 2022-ல் வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம் என்று வரம்பை ஏற்றியபோது, எங்கள் அட்மின் வாணவேடிக்கைப் பொம்மையாகப் போட்டுத் தள்ளினார். ஆயிரம் பேர் சேர்ந்தால் ஆயிரம் வேலை வரும் என்று நானும் நம்பினேன். அந்த ஆயிரத்தில் வேலை கொடுக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை, அத்தனை பேரும் என்னைப் போல வேலை தேடுகிறவர்கள் என்பது எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆனது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் வெண்டைக்காய்க் கூடையோடு வந்தால் யார்தான் வாங்குவது? சும்மா உட்கார முடியாமல் ஒருத்தர் கூடையை இன்னொருத்தர் எட்டிப் பார்த்து, "செம வெண்டைக்காய் ப்ரோ" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் எம். புதுப்பட்டியில் டிசைனர் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வெடி ஆலைக்குப் போகாதவன் பிரஸ்ஸுக்குப் போவான், பிரஸ்ஸில் மை அப்பிக்கொள்ள இஷ்டமில்லாதவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். சிவகாசிக்குப் பஸ் ஏறினால் போதும், தெருவுக்குத் தெரு டிசைனிங் சென்டர். எனக்குச் சோறு போடுவதும் அதுதான். வெடி லேபிள், மத்தாப்புப் பெட்டி, காலண்டர் அட்டை, நடுவில் காதுகுத்துப் பத்திரிகை. ஆனால் குழுவில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால் 'பிராண்ட் ஐடென்டிட்டி டிசைனர்' என்று போடுவேன். ஊர் கேட்டால் மதுரை. அதே ஆள் பெஹான்ஸில் சென்னை. லிங்க்ட்இன்னில் ஊரே கிடையாது, வெறும் 'ரிமோட்'.

"எங்கிட்டுடா வேலை பாக்குற?" என்று அத்தை கேட்டபோதும் அதே ஞாபகத்தில், "ரிமோட், அத்தை" என்றேன். மறுநாள் அவர் வீட்டு டிவி ரிமோட்டை ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதையும் என்னால் சரிபண்ண முடியவில்லை.

குழுக்களில் மாதம் ஒரு முறை விலைச் சண்டை வரும். ஐம்பது ரூபாய்க்கு ஃப்ளெக்ஸ் டிசைன் போட்டுக் கொடுத்த துரோகி யார் என்று ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு தடவை சண்டை முற்றி, 5,000 ரூபாய்க்குக் கீழே யாரும் லோகோ செய்வதில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்வதாக முடிவானது. அந்தச் சத்தியத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். 'நம் உழைப்புக்கு நாமே மரியாதை தராவிட்டால்' என்று தொடங்கும். கைதட்டல் பொம்மைகள் மழையாகக் கொட்டின. நான் தூங்கும்போது மணி ஒன்றரை.

காலையில் டீக்கடை அண்ணாச்சி புதுப் போர்டுக்கு ஒரு லோகோ வேண்டும் என்றார்.

"முந்நூறு குடுங்க அண்ணாச்சி."

"சிவகாசியில ஒரு தம்பி எரநூத்தம்பது சொல்லியிருக்காப்ல."

"அப்ப எரநூறு."

கைக்கு வந்தது 150 ரூபாயும் பத்து டீயும். அன்று சாயங்காலம் குழுவில் இருக்கும் ஒரு நண்பர் தனியாகச் செய்தி அனுப்பினார்: 'ப்ரோ, டீக்கடை லோகோ ஒண்ணுக்கு 250 சொல்லி வச்சிருந்தேன். எவனோ 200-க்கு முடிச்சுட்டான். இவங்கள என்ன செய்யலாம்?' நான் கொஞ்ச நேரம் யோசித்து, 'வெட்கக்கேடு ப்ரோ' என்று பதில் போட்டேன். அவரும் அதே சத்தியத்துக்குக் கை தட்டியவர் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் நாலு டீ குடித்திருந்தேன்.

உள்ளூர் சரிப்படாது, டாலர்தான் கதி என்று வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனேன். ஃபைவர் 2010-ல் எந்த வேலையானாலும் ஐந்து டாலர் என்று தொடங்கிய தளம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். வருகிற காசில் 20 சதவீதம் அவர்களுக்கு. எனக்கு ஆறு மாதத்தில் வந்தது ஒரே வேலை, ஐந்து டாலர். கமிஷன் போக நாலு. அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்க 'கனெக்ட்ஸ்' என்று ஒன்று வாங்க வேண்டும். 2019-ல் ஒன்றுக்கு 15 சென்ட் என்று விலை வைத்தார்கள், ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட்ஸ் போய்விடும். கோயில் வாசலில் செருப்பு விடக் காசு கொடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கோயிலிலாவது செருப்பு திரும்பி வரும்.

போட்டித் தளங்கள் தனி ரகம். 99டிசைன்ஸ் அப்படிப்பட்டது. சைட்பாயின்ட்டில் கூடிய வெப்சைட் ஆட்கள் விளையாட்டாக லோகோப் போட்டி வைத்துக்கொண்டதிலிருந்து 2008-ல் மெல்பர்னில் கிளைத்தது. நூறு பேர் வரைவார்கள், ஒருத்தருக்குக் காசு, மீதிப் பேருக்கு அனுபவம். இது சுரண்டல் என்று குழுவில் ஆறு பாகமாக ஒரு பதிவு எழுதினேன். ஆறாம் பாகத்தைப் போட்ட ராத்திரியே நியூசிலாந்தில் ஒரு நாய் முடிவெட்டும் கடையின் லோகோப் போட்டிக்கு மூன்று டிசைன் அனுப்பினேன். மனசாட்சிக்குச் சமாதானம் சொல்ல ரூபாய்ச் சின்னம் இருந்தது. அதுவும் போட்டியில் வந்ததுதானே! மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் உதயகுமாருடையது தேர்வாகி, 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, பரிசு இரண்டரை லட்சம். என்ன, அவர் மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்தவர். நான் நாய் வாலைச் சீப்பாக வளைத்தவன். 'பூனை நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு நாய் வேண்டும்' என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில்தான் குருவி வந்தது.

ஆடி மாதம். சிவகாசியில் ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள், அதை ஒட்டி டிசைனிங்கிலும் பிரஸ்ஸிலும் ஒருத்தருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நெரிசலில் ஒரு வெடி ஆலைக்காரர் என்னைக் கூப்பிட்டு, குருவி வெடிக்குப் புது லேபிள் கேட்டார். "பழைய குருவியேதான் வேணும். ஆனா கொஞ்சம் தெம்பா இருக்கணும்." அந்தக் குருவியை ஆசையாக வரைந்தேன், அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. பேனாவால் காகிதத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து, இறகு இறகாக வண்ணம் ஏற்றினேன். தொண்டையில் ஒரு சிவப்பு. கண்ணில், வெடிக்கப்போவது தனக்கே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

மேட்டர் பிரஸ்ஸுக்குப் போனது. எட்டு மாதமாகத் திரையில் பார்க்கிற படங்களாகவே செய்து செய்து, காகிதம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அச்சுக்குப் போகும் எந்தப் படமும் வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். முக்கியமான எதுவும் கோட்டை ஒட்டி நிற்கக் கூடாது. கட்டிங் மெஷினில் கட்டாக வைத்து இறக்கும்போது தாள் ஒரு மயிரிழை நகரும் என்பது இந்தத் தொழிலுக்கு வருகிற பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம். நான் வாலைக் கொண்டுபோய்க் கோட்டின் மேலேயே உட்கார வைத்திருந்தேன். போதாததற்கு ஃபைல் ஆர்ஜிபியில் கிடந்தது. திரையில் கிளிப்பச்சையாக மின்னிய பின்புலம், காகிதத்தில் ரெண்டு நாள் கிடந்த கீரை நிறத்தில் வந்தது. ப்ரூஃபை போனில் பார்த்து 'ஓகே ண்ணே, ஓட்டுங்க' என்று கட்டைவிரல் காட்டியவனும் நான்தான். காட்டும்போது எந்தக் குழுவில் யாருக்கு என்ன அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகமில்லை.

மெஷின்மேன் அண்ணாச்சி ஒரு லேபிளைக் கையில் தூக்கிப் பிடித்து, "தம்பி, குருவிக்கு வால எங்க?" என்றார். ஆலைக்காரர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "வெடிச்சுப் போகப்போற குருவிக்கு வால் எதுக்குன்னு விட்ரலாம். ஏஜெண்டு விடமாட்டான்ப்பா." மறு அச்சுக்கு ஆன செலவில் பாதி என் கூலியில் கழிந்தது. வாலறுந்த குருவிகள் நாலு பண்டில் என் வீட்டுக்கு வந்தன. அம்மா அலமாரித் தட்டுகளில் விரித்தாள். நான் டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டிரிபிள் என்றொரு தளம். 2009-ல் அமெரிக்காவில் தொடங்கியபோது, உள்ளே இருக்கிற யாராவது அழைத்தால்தான் நாம் படம் போட முடியும் என்று வைத்திருந்தார்கள். அதனாலேயே அதில் படம் போடுவது எங்களுக்குள் ஒரு கௌரவம். அதில் போட 'நீராவி' என்று இல்லாத காபிக் கம்பெனிக்கு ஒரு லோகோ செய்தேன். வெள்ளைப் பின்னணி, ஒரு கோடு, ஒரு புள்ளி. அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் விளக்கம் இரண்டு பாரா. எவர்சில்வர் டம்ளரில் சுற்றி, ஜன்னலோர வெயிலில் வைத்துப் போட்டோ எடுத்து ஏற்றினேன். குழுவில் லிங்க்கைப் போட்டு, எல்லாரும் லைக் போட்டு, அவர்கள் லிங்க்குகளுக்கு நான் லைக் போட்டு, வழக்கமான மொய்க் கணக்கு முடிந்தது.

மூன்றாம் நாள் ஒரு செய்தி. லிஸ்பனில் சின்னதாக இசைத்தட்டு வெளியிடும் ஒருவர். காபியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'டம்ளருக்குக் கீழே இருக்கும் அந்தப் பறவையை வரைந்தது யார்? வாலை வெட்டிவிட்ட துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தட்டின் அட்டைக்கு இவரைக் கேட்க விரும்புகிறேன்.'

நான் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். ஆனாலும் ஆயிரம் பேரும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிராண்ட் ஐடென்டிட்டி டிசைனர் வெடி லேபிள் போடுகிறவனாமே! பதில் தட்டினேன்: 'அது எங்கள் வட்டாரத்து மலிவுப் பட்டாசு லேபிள். வரைந்தவர் யாரென்று தெரியாது. என்னுடைய காபி லோகோவின் இடைவெளியைக் கவனித்தீர்களா?' அவர் மரியாதையாக நன்றி சொல்லி, அந்தக் கலைஞரைக் கண்டுபிடித்தால் தெரிவிக்கும்படி எழுதியிருந்தார்.

தெரியாது என்று சொல்வது சுலபமாகத்தான் இருந்தது, லேபிளில் என் பெயர் எங்கேயும் இல்லையே. வெடி லேபிளில் ஆலை பெயர் இருக்கும், வரைந்தவன் பெயர் இருக்காது, யாரும் கேட்பதுமில்லை. பக்கத்தில் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு இருந்தார். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு வந்தவர், 1940-களில் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களோடு அவர் வரைந்த சாமி படங்களைச் சிவகாசிப் பிரஸ்கள் காலண்டராக அடித்து நாடு முழுக்க அனுப்பின. 1976-ல் காலமானார். இன்றைக்கும் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் லட்சுமியின் காலடி ஓரத்தில் சின்னதாக அவர் கையெழுத்தைப் பார்க்கலாம். வெளியூர்க்காரன் வந்து இது யார் வரைந்தது என்று கேட்டிருந்தால், அவர் மதுரைப் பக்கம் ரிமோட் என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஒன்பது நாள் கழித்து வெட்கத்தை விட்டு எழுதினேன்: 'கண்டுபிடித்துவிட்டேன். அது நான்தான்.' எழுதி அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அதோடு சரி.

அடுத்த சீசனுக்கு அதே ஆலைக்காரர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கையெழுத்துப் போட்டே தீருவது என்று முடிவு. ஆனால் இப்போது லேபிளில் இடம் எங்கே இருக்கிறது? உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னதற்குப் பிறகு எல்லாம் பசுமைப் பட்டாசு, நீரி ஆய்வு நிறுவனத்தின் முத்திரை வேண்டும், கியூஆர் கோடு வேண்டும், விலை வேண்டும், எச்சரிக்கை வேண்டும். குருவியின் வாலைப் பத்திரமாக உள்ளே இழுத்து, கலரைச் சிஎம்ஒய்கேயில் வைத்து, எல்லாவற்றையும் நகர்த்தி நகர்த்தி, வலது கீழ் மூலையில் என் பெயரை நாலு பாயின்ட் அளவில் சொருகினேன். ப்ரூஃபை நேரில் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

சரக்கு ரெடியான அன்று போனேன். மெஷின்மேன் அண்ணாச்சி லேபிளை நீட்டினார். வால் முழுசாக இருந்தது. பச்சை பச்சையாக இருந்தது. மூலையைப் பார்த்தேன்.

"ஓரத்துல கருப்பா என்னமோ அழுக்கு மாதிரி விழுந்திருந்துச்சு தம்பி" என்றார். "கட்டிங்ல ரெண்டு மில்லி உள்ள தள்ளி வெட்டி எடுத்துட்டேன். மொதலாளிகிட்ட சொல்லலை, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

"ரொம்ப நன்றிண்ணாச்சி" என்றேன்.