சூரியன் இல்லாமல் விடிந்த நாட்கள்

கே: ஆறு நாளில் உலகைக் கடவுள் படைத்தார் என்கிறது பைபிள். பெருவெடிப்பு என்கிறது அறிவியல். கத்தோலிக்கர்கள் எந்தப் பக்கம்?

ப: பெருவெடிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான்! பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர், பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதினார். 1931-ல், எல்லாம் ஓர் ஆதி அணுவில் தொடங்கியிருக்கலாம் என்றார்.

பைபிளின் முதல் நூலான தொடக்கநூலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒளி முதல் நாளில், சூரியனோ நான்காம் நாளில். அப்படியானால் முதல் மூன்று நாட்கள் எப்படி விடிந்தன? சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் இதற்காக மண்டையைக் குடைந்துகொண்டார். இயற்கையைப் பற்றித் தெரியாததையெல்லாம் வேதத்தின் பேரில் உளறாதீர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கண்டிக்கவும் செய்தார். அந்தத் தெளிவு திருச்சபைக்கு எப்போதும் இருந்ததா? இல்லை. 1633-ல் கலிலியோவைத் தண்டித்தது பெரும் பிழை. நம் மீட்புக்கான உண்மையையே மறைநூல் பிழையின்றிப் போதிக்கிறது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது.

எனக்கு லெமைத்ரைப் பிடிக்கக் காரணம் வேறு. புதிய வானியலில் படைப்புக்கே சாட்சி கிடைத்துவிட்டதுபோல் 1951-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பேசினார். லெமைத்ருக்கு அதில் உடன்பாடில்லை. தன் கொள்கையை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் விடவில்லை.