ஃபோர்ட் உடம்பு, செவ்ரோலே தலை

கார் வாங்கியவன் அதைச் சும்மா விட்டுவைத்ததாகச் சரித்திரமே கிடையாது. முதல் வாரம் சீட் கவர். அடுத்த மாதம் ஹாரன். அப்புறம் அலாய் வீல். பிறகு ஒருநாள் சைலன்ஸரில் என்னவோ செய்துகொண்டு, தெருவிலுள்ள கைக்குழந்தைகளெல்லாம் திடுக்கிட்டு எழுந்து அழுகிற மாதிரியான சத்தத்தோடு வீட்டுக்கு வந்து சேருவார். இதற்காக இன்றைய இளசுகளைத் திட்டாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பேரன் பேத்தி எடுத்த அமெரிக்க விவசாயிகளே இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் கையில் சிக்கியது ஃபோர்ட் மாடல் டி. 1908-ல் ஆரம்பித்து 1927-க்குள் ஒன்றரைக் கோடி கார்கள். அப்படி என்னதான் இருந்தது அதில் என்கிறீர்களா? என்னவெல்லாம் இல்லை என்று சொல்வது சுலபம். பெட்ரோல் மீட்டர் இல்லை. டிரைவர் எழுந்து, சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்ப் இல்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு அதுவாக வழிந்து வர வேண்டும். செங்குத்தான மேட்டில் முன்பக்கம் உயர்ந்துவிட்டால் வராது, வண்டி நின்றுவிடும். அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது: வண்டியைத் திருப்பி, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிவர்ஸிலேயே ஏறுவது!

எஞ்சின் கிட்டத்தட்ட 2,900 சிசி. அடேயப்பா என்று வாயைப் பிளக்காதீர்கள். சக்தி, வெறும் 20 குதிரை. இன்றைக்குக் காலேஜ் போகிற பையன் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்குகிற 200 சிசி பைக் இதைவிட முரட்டுத்தனமாக ஓடும்.

ஆனால் ஹென்றி ஃபோர்டுக்கு இந்த கார் ஒரு முடிந்த காவியம். ஒரு வரியைக்கூட யாரும் திருத்தக்கூடாது. 1912-ல் அவர் ஐரோப்பா டூர் போயிருந்த சமயம், கம்பெனி ஆட்கள் முதலாளிக்கு சர்ப்ரைஸ் கொடுக்க ஆசைப்பட்டு, மாடல் டியைக் கொஞ்சம் அழகுபடுத்தி, செக்கச்செவேலென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். திரும்பி வந்தவர் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி காரை மெதுவாகச் சுற்றிச்சுற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கையை வெளியே எடுத்தார். ஒரு கதவு பிய்ந்து வந்தது. இன்னொரு கதவு. கண்ணாடி. கடைசியில் கூரை மேல் காலை வைத்து மிதித்ததாகப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சர்ப்ரைஸ் கொடுத்தவர்களுக்குத்தான் சர்ப்ரைஸ்.

இவ்வளவு ஆசாரம் பேசியவருடைய பூர்வாசிரமத்தைக் கொஞ்சம் கிளறலாமா? 1904 ஜனவரி. உறைந்துபோன செயின்ட் கிளேர் ஏரி. ஐஸ் மேல் சாம்பலைக் கொட்டி ஒரு டிராக். அதன் மீது பாடி, கதவு, கூரை என்ற எந்த நாகரிகமும் இல்லாத ஒரு ராட்சச எஞ்சினில் உட்கார்ந்து மணிக்கு 147 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தார் ஒரு நாற்பது வயதுக் குடும்பஸ்தர். சாட்சாத் ஹென்றி ஃபோர்ட்! அந்த விளம்பரத்தில்தான் கம்பெனியே பிரபலமானது. ஊரையே கலக்கிய பையன் அப்பா ஆனதும் பிள்ளையை எட்டு மணிக்கு மேல் வெளியே விடமாட்டார் இல்லையா, அந்தக் கதை.

பிள்ளைகள் கேட்டால்தானே? சியர்ஸ் ரோபக் கேட்லாக்கைப் பார்த்து தபாலிலேயே ஷாக் அப்சார்பர் வரவழைத்தார்கள். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பெல்ட் மாட்டி, விறகு அறுத்தார்கள். பனிப் பிரதேசத்துக்காரர்கள் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டையே மாட்டிக்கொண்டார்கள். ஃபோர்ட் ஒரு கார் விற்றால், அதைச் சரிசெய்ய இன்னொரு தொழில்துறையே வயிறு வளர்த்தது.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் என்ட்ரி. பெயர் லூயி செவ்ரோலே. ஆமாம், அதே செவ்ரோலேதான். ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், பெரிய மீசைக்காரர், பிரேக் என்ற சாதனத்தின் மேல் அவ்வளவாக நம்பிக்கை வைக்காத ரேஸ் டிரைவர். 1911-ல் வில்லியம் டூரண்ட் என்ற வியாபார சூரர், இவருடைய பெயரை வைத்தே ஒரு கார் கம்பெனி ஆரம்பித்தார். பெயர் வைத்த கையோடு சண்டையும் ஆரம்பித்தது. லூயிக்குப் பெரிய, கம்பீரமான கார் வேண்டும். டூரண்டுக்கு மலிவாக, நிறைய விற்க வேண்டும். கடைசியில் புகைந்தது எதில் தெரியுமா? சிகரெட்டில். ‘கம்பெனிக்குப் பெயர் கொடுத்த பெரிய மனிதர் உதட்டில் சிகரெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அலையலாமா, சுருட்டுப் பிடிக்கக்கூடாதா’ என்று டூரண்ட் கேட்டாராம். ‘பெயரை விற்றேன், என்னை விற்கவில்லை’ என்று லூயி கிளம்பிவிட்டாராம். போகும்போது பங்குகளையும் விட்டுவிட்டுப் போனார். பிற்காலத்தில் அவற்றின் மதிப்பு என்ன ஆனது என்று நினைத்தால் நமக்கே நெஞ்சு வலிக்கிறது.

சொந்தப் பெயரில் கார் செய்ய முடியாது, பெயர்தான் போய்விட்டதே! மனிதர் என்ன செய்தார்? தம்பி ஆர்தரோடு சேர்ந்து, இண்டியானபோலிஸில் ஒரு பட்டறை போட்டு, ஃபோர்ட் காருக்கு சிலிண்டர் ஹெட் செய்து விற்க ஆரம்பித்தார். அதாவது, செவ்ரோலேயின் ஜென்ம எதிரி காருக்கு, செவ்ரோலே கையால் தலை!

நல்ல தலை அது. மாடல் டியில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும். காற்றும் பெட்ரோலும் சந்துபொந்தெல்லாம் சுற்றித்தான் உள்ளே போகும். செவ்ரோலே சகோதரர்கள் வால்வுகளைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். எஞ்சினுக்கு மூக்கடைப்பு நீங்கியது. ‘ஃப்ரான்டி ஃபோர்ட்’ என்று செல்லப்பெயரும் விழுந்தது. 1923 இண்டியானபோலிஸ் 500 ரேஸில், உள்ளூர் ஃபோர்ட் டீலர்களே இறக்கிவிட்ட அப்படி ஒரு கார், சராசரியாக மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஐந்தாவதாக வந்தது. மளிகை சாமான் ஏற்றி வருகிற வண்டியின் வம்சம், ரேஸுக்கென்றே பிறந்த கோமகன்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அடுத்த வருஷம் அதே ரேஸுக்கு கௌரவ ரெஃப்ரியாக ஒரு பெரியவர் வந்தார். காவியத்தில் கை வைத்தவர்களை மிதித்துத் தள்ளிய அதே ஹென்றி ஃபோர்ட்! அங்கேயும் ஃப்ரான்டிகள் ஓடின. இந்தத் தடவை கதவு எதையும் அவர் பிய்க்கவில்லை. ரேஸ் காரில் கதவே கிடையாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

லூயி? பொருளாதார மந்தத்தில் எல்லாம் போய், 1930-களில் ஒரு கார் தொழிற்சாலையில் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தார். எந்தத் தொழிற்சாலை என்று கேட்காதீர்கள். கேட்டில் அவர் பெயர்தான் போட்டிருந்தது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் பிரிட்டனில் இன்னொரு ஆசாரசீலர். மினி காரை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ். காரில் ரேடியோ எதற்கு என்பார். சீட் சொகுசாக இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவான் என்பார். 1959-ல் 848 சிசி எஞ்சினோடு இவர் பெற்ற ஏழை ஜனங்களின் காரைப் பார்த்து, ஃபார்முலா ஒன் கார்கள் கட்டிக்கொண்டிருந்த ஜான் கூப்பருக்குக் கை பரபரத்தது. இஸ்ஸிகோனிஸ் முகத்தைச் சுளித்தார். கூப்பர் மேலிடத்துக்கே போய், காருக்கு இரண்டு பவுண்டு ராயல்டியும் பேசி முடித்துவிட்டார். 1961-ல் மினி கூப்பர் வந்தது. மான்டி கார்லோ ரேலியில் 1964, 1965 என்று வரிசையாக ஜெயித்தது. 1966-ல் முதல் மூன்று இடமும் மினிக்கே. நடுவர்கள் காரை நட்டு நட்டாகக் கழற்றி மணிக்கணக்காகத் துழாவினார்கள். எஞ்சினில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஹெட்லைட் பல்ப் விதிப்படி டிம் ஆகவில்லை என்று மூன்றையும் வெளியே தள்ளினார்கள். பரிசு ஒரு பிரெஞ்சு காருக்குப் போனது. தற்செயல்தான், வேறென்ன!

இப்போது ஸ்பானர் வேலைக்கு மவுசு குறைந்துவிட்டது. எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் மூளை வந்தாயிற்று. இவ்வளவு ஆர்.பி.எம்., இவ்வளவு லோடு என்றால் இவ்வளவு டீசல், டர்போவில் இவ்வளவு அழுத்தம் என்று கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை உள்ளே இருக்கும். மட்டமான டீசல், கொளுத்தும் வெயில், உயரமான மலை, புகைச் சட்டம் எல்லாவற்றுக்கும் பயந்து கம்பெனிக்காரர் எண்களைக் கொஞ்சம் அடக்கியே வாசித்திருப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் லேப்டாப்பைச் சொருகி அந்த எண்களை ஏற்றிவிடுவதுதான் ரீமேப். டர்போ டீசலில் இருபது முப்பது சதவீதம் சக்தி கூடும். கிளட்ச்சின் ஆயுள் குறைவது போனஸ்.

வாரண்டி போய்விடும், புகை கூடும், சட்டவிரோதம் என்று கம்பெனிகள் இதற்கெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளும். நியாயம்தான். ஆனால் உலகத்தின் மிகப்பெரிய சட்டவிரோத மேப் எங்கே தயாரானது தெரியுமா? எந்தச் சந்துப் பட்டறையிலும் இல்லை. ஜெர்மனியில், ஃபோக்ஸ்வேகன் தலைமையகத்தின் ஆசீர்வாதத்தோடு!

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு குட்டை உடைத்தது. காரின் மென்பொருள், ஸ்டியரிங் அசைகிறதா இல்லையா என்பதையெல்லாம் பார்த்து, ‘ஓஹோ, நாம் டெஸ்டில் இருக்கிறோம்’ என்று புரிந்துகொள்ளும். உடனே புகையை அடக்கி, கைகட்டி, நல்ல பிள்ளையாக நிற்கும். ரோட்டுக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை. இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் திருக்குறள் ஒப்பிக்கிற வகுப்பு! மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆட்கள் டிக்கி நிறையக் கருவிகளைத் திணித்துக்கொண்டு காரை நிஜ ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், இந்த வேஷம் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ. உலகம் முழுக்க இப்படி 1 கோடியே 10 லட்சம் கார்கள். தலைவர் மார்டின் வின்டர்கோர்ன் ஐந்தே நாளில் ராஜினாமா செய்தார், தன் பக்கம் தப்பு எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு.

பரிகாரம்? ஐரோப்பாவில் காரைக் கொண்டுவரச் சொல்லி, லேப்டாப்பைச் சொருகி, புது மென்பொருள் ஏற்றினார்கள். அரை மணி நேரம். அதாவது, அதிகாரப்பூர்வமாக இன்னொரு ரீமேப்! 1.6 லிட்டர் எஞ்சினுக்குக் கூடுதலாக, வலை வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்.

அப்டேட் போட்ட பிறகு பிக்கப் போச்சு, மைலேஜ் குறைஞ்சு போச்சு என்று சண்டைக்கு வந்த ஓனர்கள் உண்டு. ‘புகை குறைந்ததா ஐயா?’ என்று விசாரித்துச் சண்டைக்கு வந்தவர் யாரையும் நான் இதுவரை கேள்விப்படவில்லை.