தோல் கேட்டு வாங்கு, மோனை

வா மோனை, உந்தத் திண்ணையிலை இரு. கொடிகாமம் ஸ்ரேசனிலை இறங்கினதிலையிருந்து நீ என்ரை முகத்தைப் பாத்ததிலும் உன்ரை மணிக்கட்டைப் பாத்ததுதான் கூட. உந்த மணிக்கூட்டுக்கை பச்சை வெளிச்சம் மினுங்குது, நாடி பாக்குதாம். எங்கடை பரியாரியார் மூண்டு விரல் வச்சுப் பாத்த வேலை. அந்த மனுசன் வெத்திலை கேட்டவர், இது சார்ஜ் கேக்குது.

சிரியாதை, கிழவனுக்கும் கொஞ்சம் விளங்கும். தோலுக்குள்ளை போற வெளிச்சத்திலை ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு கூடக் குறையக் குடிக்கும். திரும்பி வாற மிச்சத்தை எண்ணுறதுதான் உணரி. சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு ரத்தத்து ஒட்சிசனைப் பிடிக்கிற வழியை 1974இலை யப்பானிலை அயோயாகி எண்டவர் சொன்னவர்.

உன்னட்டை இருக்கிறது சிலிக்கன், விறைச்ச சாமான். இனி வரப்போறது சேதனச் சேர்வை. மையாக்கிப் பிளாஸ்ரிக் தாளிலை பூசலாம், வளைக்கலாம். 2016இலை ரோக்கியோவிலை சொமேயா எண்டவரின்ரை ஆக்கள் அப்பிடியொரு உணரியை உறையோடை சேத்து மூண்டு மைக்ரோமீற்றர் தடிப்பிலை செய்து தோலிலை ஒட்டிக் காட்டினவை. அவ்வளவு தூரம் ஏன்? திருநெல்வேலியிலை, எங்கடை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை, பேராசிரியர் ரவிராஜன் பல்பகுதியச் சூரியக்கலத்திலை ஆராய்ச்சி செய்தவர். ரெண்டிலும் வெளிச்சம்தான் மின்னாகுது. ஒண்டிலை அதை எடுக்கிறம், மற்றதிலை எண்ணுறம்.

இப்ப புத்தி கேள். கொடிகாமம் சந்தையிலை கறுத்தக்கொழும்பானை மணந்து பாக்காமல் ஆர் வாங்கிறான்? நீ பெட்டியிலை இருந்த படத்தைப் பாத்து வாங்கிப்போட்டாய். உது ஆற்றை தோலிலை தேறினது எண்டு கேட்டியோ? 2020இலை மிச்சிகன் மருத்துவர்மார் விரலிலை மாட்டுற கருவியைச் சோதிச்சவை. அது ரத்தத்து ஒட்சிசனை 92 தொடக்கம் 96 வீதம் எண்டு காட்டேக்கை, உண்மையிலை 88இக்குக் கீழை கிடந்த அளவீடு வெள்ளையரிலை 3.6 வீதம், கறுப்பரிலை 11.7 வீதம். தோலிலை இருக்கிற மெலனினும் வெளிச்சம் குடிக்கும். அந்தக் கணக்குத் தெரியாத கருவி, 'ஐயா சுகமாயிருக்கிறார்' எண்டு மரியாதையாப் பொய் சொல்லும். ரொறன்ரோப் பனியிலை கிடந்தும் நிறத்திலை நீ என்ரை பேரன்தான், மறந்துபோகாதை.

புதுத் தாளுக்கு இன்னொரு வருத்தமும் இருக்கு. ஈரமும் ஒட்சிசனும் பட்டால் சேதனப் படை கெட்டுப்போகும். உறை போட்டுத்தான் காப்பாத்தினம். சித்திரை வெயிலிலை தட்டிவானிலை பருத்தித்துறைக்கு ஒருக்காப் போய்வந்தால் அந்த உறையின்ரை கெட்டித்தனம் தெரியும்.

அதாலை, விக்கிறவனிட்டை முதல் தோலைக் கேள், பிறகு வேர்வையைக் கேள், கடைசியா விலையைக் கேள். அதுவரைக்கும் உந்த வயசிலை உனக்கென்னத்துக்கு நாடி? கழட்டி எனக்குக் கட்டு. கறுப்பு இருக்கு, வேர்வை இருக்கு, வருத்தமும் இருக்கு. என்னிலை தேறினால் தென்மராட்சி முழுக்கத் தேறும். அடுத்தமுறை வரேக்கை ரெண்டாக் கொண்டா. அம்மம்மா இப்பவே எட்டிப் பாக்கிறா.