விலாசம் துறந்த வள்ளல்

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டைக் காலிசெய்து தாம்பரத்துக்குக் குடிபோன சமயத்தில் நீங்கள் காட்டிய பொறுப்பை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பால்காரருக்குக் கணக்குத் தீர்த்தீர்கள். கேஸ் இணைப்பை மாற்றினீர்கள். கேபிள்காரர் கேட்காமலே பாக்கியைக் கொடுத்தீர்கள். இது ஒன்று நிஜமாகவே நல்ல காரியம், கிண்டல் இல்லை. சோறு கொண்டுவரும் பையன் வழி தவறிவிடக் கூடாதே என்று ஸ்விக்கியில் "பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, பச்சை கேட், மாடிப்படி இடதுபக்கம், நாய் கடிக்காது" என்று எழுதிவைத்திருக்கிறீர்களே, நான்கெல்லை எழுதிப் பழகிய பத்திர எழுத்தர்கூட அந்தத் தெளிவுக்குக் கும்பிடு போடுவார்.

ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்லவில்லை: நண்பருக்காக நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட பைனான்ஸ் கம்பெனிக்கு. கடன் வாங்கியது அவர், கொடுத்தது இவர்கள், இடையில் நம் விலாசம் எதற்கு என்கிற பற்றற்ற நிலை எல்லோருக்கும் வாய்க்காது. கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று ஒப்பந்தச் சட்டம் 1872-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. கிடக்கட்டும், பழைய சட்டம்.

உங்கள் மைத்துனர் திருச்சிக்கு மாறினாரே, அவரைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பேங்க், இன்சூரன்ஸ், சீட்டுக் கம்பெனி என்று கையெழுத்துப் போட்ட இடமெல்லாம் புது விலாசத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி ஃபைலில் வைத்தார். பழைய பகுதித் தபால் நிலையத்தில் கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிட எழுதிக்கொடுத்தார். பைக் ஆர்.சி.யில் 30 நாளுக்குள் விலாச மாற்றம் தெரிவிக்க வேண்டுமாம், அதையும் செய்தார். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இத்தனைக்கும் மேலே, சில மாதத்துக்கு ஒருமுறை இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, தன் பெயரையும் வருஷத்தையும் போட்டு, தன்மேல் ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறாராம். மடியில் கனமில்லாதவன் இப்படியா வழியில் பயப்படுவான்? நீங்கள் சிரித்தது சரிதான்.

பைனான்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. அதற்கு முன் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் "விலாசதாரர் இல்லை" என்று தபால்காரர் கையெழுத்தோடு திரும்பியது. சம்மனை எடுத்துக்கொண்டு அமீனா உங்கள் பழைய தெருவுக்கு வந்தார். வீட்டில் புதுக் குடித்தனம் இன்னும் வரவில்லை, பூட்டுத் தொங்குகிறது. எதிர்வீட்டு டீச்சரிடம் விசாரித்தார். "மெட்ராஸ் பக்கம் போயிட்டாங்க" என்பதற்கு மேல் அவருக்கும் தெரியாது. அவரிடமும் நீங்கள் விலாசம் கொடுத்திருக்கவில்லையே. கதவில் ஒட்டினார் அமீனா, பக்கத்தில் நின்றவரைச் சாட்சியாக எழுதிக்கொண்டார், கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்து பத்திரிகை விளம்பரம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இந்த இடத்தில் உங்கள்மேல் வைத்திருக்கும் அன்பைப் பாருங்கள்: பிரதிவாதி கடைசியாக எங்கே குடியிருந்ததாகத் தெரிகிறதோ, அந்த வட்டாரத்தில் ஓடுகிற நாளிதழில் போட வேண்டும். ஆகவே நீங்கள் தாம்பரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த காலையில் நெல்லைப் பதிப்பில், கண்ணீர் அஞ்சலிக்கும் மனை விற்பனைக்கும் நடுவே, எறும்பு எழுத்தில் உங்கள் பெயர் வந்தது. அதில் வடையை மடித்து வாங்கிய நாலைந்து பேராவது படித்திருப்பார்கள். கோர்ட் உத்தரவுப்படி இப்படிச் சார்வு செய்தால், கையில் நேரே கொடுத்ததற்குச் சமம் என்கிறது அதே சட்டம்.

வாய்தா அன்று உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆஜரில்லை; எக்ஸ்பார்ட்டி. நண்பர் பாதிக் கடனை அடைத்த ரசீதுகள் உங்கள் வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து வாதிக்குச் சங்கடம் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. குறுக்கு விசாரணை என்று யாரையும் நிற்கவைத்துக் கேட்கவில்லை. முழுத் தொகைக்கும் வட்டியோடு, செலவுத் தொகையோடு டிக்ரி ஆனது. பாரி முல்லைக்குத் தேரைத்தான் கொடுத்தான்; நீங்கள் எதிராளிக்கு வழக்கையே கொடுத்துவிட்டீர்கள்.

ஜாமீன் படிவத்தில் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் இருந்தது. வீட்டைத் தேடித் தோற்ற கோர்ட் காகிதம் ஆபீசுக்குச் சுலபமாக வந்து சேர்ந்தது, சம்பள ஜப்தியாக. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு, எஞ்சியது டிக்ரிதாரருக்கு. 24 மாதம் வரை இப்படிப் பிடிக்கலாம். அன்றைக்கு நீங்கள் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டதாம். "ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சட்டத்துக்கும் ஈரம் உண்டு. சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால், டிக்ரி விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். கோர்ட் மனமிரங்கினாலும், செலவுத் தொகை கட்டு, டிக்ரியில் ஒரு பகுதியை டெபாசிட் செய் என்று நிபந்தனை போடலாம். சார்வில் சின்னக் குறை இருந்தாலும், வாய்தா தேதி பிரதிவாதிக்கு முன்பே தெரிந்து, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்றால், அந்தக் குறையை மட்டும் காட்டி டிக்ரியை ரத்து செய்ய முடியாது. எந்தப் பொறாமைக்காரர் எழுதிவைத்தாரோ.

உங்கள் வக்கீல் பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொண்டிருக்கிறார். "சம்பளம் பிடித்த அன்றுதான் வழக்கே எனக்குத் தெரியும்" என்று மூன்றாவது பத்தியில் வருகிறதாம். நல்ல நடை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்: கதவில் ஒட்டிய சம்மனைத் தேதி தெரிகிற மாதிரி படம் பிடித்து, எதிர்வீட்டு டீச்சர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாரே, நீங்களும் "விலாசம் தப்பு, செல்லாது டீச்சர்" என்று எழுதிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினீர்களே, அதை மட்டும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.