கரண்ட் போகாத ஊரில் பேட்டரி வளர்ப்பு

ஸ்கார்பரோ, டொராண்டோ
மார்ச் மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? "முன்ன மாதிரி இப்பல்லாம் கரண்ட் போறதில்ல. எதுக்கு வீணா பில்லு? பொங்கல் முடிஞ்சதும் இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இது அநேகமாகக் கரண்ட் போகாத ஊர். பெங்களூரில் நம் ஜீவனஹள்ளியில் சாயங்காலம் விளக்கு அணைந்தால் தெருப் பிள்ளைகள் "கரண்ட் ஹோய்த்து" என்று கத்துவார்கள். திரும்பி வந்தால் "பந்த்து" என்று அதைவிடப் பெரிய கூச்சல். அந்தக் கூச்சல்கள் இல்லாமல் ஒரு சாயங்காலம் எப்படிக் கழியும் என்று வந்த புதிதில் எனக்குப் புரியவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "உங்கள் ஊரில் மின்சாரம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். விடுவேனா? சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் போன கதை, 1905-ல் பெங்களூரில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்த கதை எல்லாவற்றையும் பனியில் நிற்க வைத்துச் சொன்னேன். "அப்புறம் ஏன் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர்?" என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, அவருக்கு இன்வெர்ட்டர் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆனால் அந்த மனுஷர் பேட்டரிக்குச் செய்கிற சேவை இருக்கிறதே! அவரிடம் ஒரு மீன்பிடிப் படகு. ஏரியில் ஓட்டுவது கோடையில் சில வாரங்கள்தான். அக்டோபர் வந்தால் படகின் பேட்டரியைக் கழற்றி, துடைத்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றி, கராஜில் குடிவைக்கிறார். குளிர்காலம் முழுக்க வோல்ட் மீட்டரும் கையுமாகப் போய்ப் பார்க்கிறார். 12.7 வோல்ட் காட்டினால் சிரித்த முகத்தோடு வருவார், 12.4-க்குக் கீழே போனால் உடனே சார்ஜரை மாட்டிவிடுவார். கான்கிரீட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அடியில் பலகை வேறு! நம் வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில் பலகை போட்டுத்தானே வைத்திருக்கிறீர்கள்? அந்தக் காலத்து மரப்பெட்டி பேட்டரிக்கு அது சரி. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையோடு பகை ஒன்றும் இல்லை.

குளிரில் பேட்டரி கெட்டுவிடாதா என்று அவரிடம் கேட்டேன். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாதாம். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் அமிலம் தண்ணீராக நீர்த்துப்போய், மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து பெட்டி வெடித்துவிடும். இங்கே மைனஸ் 20 வரும் நாட்களும் உண்டு. அவருடைய பதற்றத்தில் நியாயம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு பேட்டரி உண்டு, பாதாள அறையில். இங்கே வீட்டைச் சுற்றி நிலத்தில் ஊறும் தண்ணீர் அந்த அறையின் மூலையில் உள்ள குழிக்கு வரும். குழி நிறைந்தால் பம்பு தானாக ஓடி வெளியே தள்ளும். பெருமழையில் கரண்ட் போனால் பம்பு நின்றுவிடும் என்பதற்காகத்தான் கூடவே பேட்டரியில் ஓடும் இன்னொரு பம்பு. 2013 ஜூலை 8-ஆம் தேதி விமான நிலையத்தில் மட்டும் 126 மில்லிமீட்டர் மழை கொட்டி, அதே நேரத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குக் கரண்டும் போனதிலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குழி மேல் தனி பக்தி. பம்பு வைக்க மாநகராட்சியே மானியம் தருகிறது. ஆயுத பூஜையன்று நான் அந்த பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு வந்த பிளம்பர் குங்குமத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த இடத்தில் கசிகிறது?" என்றார்.

வேலையே இல்லாத அந்த பேட்டரிக்கு வருஷம் முழுக்க சார்ஜர் மாட்டியே இருக்கிறது. வேலை செய்து தேய்வதைவிடச் சும்மா கிடந்துதான் பேட்டரி சீக்கிரம் சாகிறது, மாமா. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளுக்குள் சார்ஜ் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். போதாததற்கு இன்வெர்ட்டரும் கொஞ்சம் உறிஞ்சும். இறங்க இறங்க ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால், மழைக்கால உப்பு ஜாடி மாதிரி கட்டி தட்டிப்போகும். அப்புறம் எத்தனை மணிநேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. புது ட்யூபுலர் பேட்டரி பதினைந்தாயிரம் ரூபாய் வாக்கில் இருக்கும். நீங்கள் மிச்சம் பிடித்த பில்லை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல், மே இடிமழை வரப்போகிறது. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பெரிய கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் போதும், நம் தெருவும் இருட்டுதான். அதனால் இன்றைக்கே பிளக்கைச் சொருகுங்கள். பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஊருக்குப் போனால் முன்பக்க சுவிட்சை மட்டும் அணையுங்கள். நம் மாடலில் அப்போதும் சார்ஜ் ஏறும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, ஃபேனையும் லைட்டையும் ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

மூடியில் உள்ள மிதவை சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், பச்சையைத் தாண்டாமல். தகடு வெளியே தெரியாதவரை, சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே நல்லது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஆசிட் ஊற்றவே கூடாது. முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, வாஸலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அத்தை அதன் பக்கத்தில் விளக்கு ஏற்ற வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்று அத்தை கேட்டார்களாம். கூடாது, அதிலும் உப்பு இருக்கிறது. எந்த பேட்டரிக் கடையிலும் டிஸ்டில்ட் வாட்டர் கேன் கிடைக்கும்; அதையே வாங்குங்கள், காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்