கழிந்த ஆயில்

கொட்டிவாக்கத்தில் எங்கே தோண்டினாலும் மணல்தான். பத்துப் பதினைந்து அடி போனால் நல்ல தண்ணீர். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் உறைக்கிணறு இல்லாத வீடு கிடையாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காததற்குக் காரணம் உண்டு. மழை மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேலே தங்கிவிடும். அந்த மேல் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். மணல் மழையை எப்படித் தடுப்பதில்லையோ, அப்படியே மேலே கொட்டுகிற வேறு எதையும் தடுப்பதில்லை.

அப்பாவிடம் பிரீமியர் பத்மினி இருந்தது. ஊரே அதை ஃபியட் என்றுதான் சொல்லும். ஆயில் மாற்றுவதெல்லாம் வீட்டில்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில். மணலில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் தடித்த பலகை போடுவார். வண்டியைத் தூக்கியதும் ஜாக்கியை நம்பாமல் இரண்டு பக்கமும் கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அதற்கு முன்னால் என்ஜின் ஐந்து நிமிடம் ஓடியிருக்க வேண்டும். சூடேறினால்தான் ஆயில் இளகி, அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவைப்பது என் வேலை. அடியில் டிரெய்ன் போல்ட்டை ஸ்பேனரால் இளக்கி, கடைசிச் சுற்றுகளில் விரலால் மேலே அழுத்திக்கொண்டே திருகி, சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். சுமார் மூன்று லிட்டர் கறுப்பு ஆயில் பழைய டின்னில் விழும்.

உடனே எழுந்துவிட மாட்டார். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து, வெயிலில் காட்டிப் பார்ப்பார். கறுத்திருந்தால் கவலை இல்லை; கரியைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. பொடிப்பொடியாக மினுமினுத்தால் உள்ளே பேரிங் தேய்கிறது. பால் விட்ட காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் எங்கோ தண்ணீர் கலக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் நெடி வந்தால் கார்புரேட்டரைச் சந்தேகப்படுவார். புது ஆயில் ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, "டேய், கேஜைத் துடைச்சு மறுபடி விட்டு எடு, எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு" என்பார். என்ஜின் என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான். அதற்கு ஈடாக வேறெந்தப் படிப்பையும் இன்றுவரை நான் நினைக்கவில்லை.

கழிந்த ஆயிலுக்குத் தெருவில் பல உபயோகம். வேலிக் கட்டையில் கரையான் ஏறாமல் இருக்கப் பூசுவார்கள். சவுக்குத் தோப்புகள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. வீடு கட்டுகிறவர்கள் சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்க வேஸ்ட் ஆயில் கேட்டு வருவார்கள். காலி மனையில் தண்ணீர் நின்றால் கொசுப் புழு சாகட்டும் என்று அதில் ஊற்றுவார்கள். மிச்சம் மணலுக்கு. மணல் ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடும். பத்தடி தள்ளிக் கிணறு. அன்றைய பெட்ரோலில் ஈயம் வேறு இருந்தது. நாடு முழுக்க அது நின்றது 2000-ல்தான். எரிந்த பெட்ரோலின் ஈயம் என்ஜின் ஆயிலிலும் சேரும். ஒரு காரில் ஒரு முறை மாற்றிய ஆயில், பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. இதைத் தெருவில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

2011-ல் கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். கீழே தூண்களுக்கு நடுவே கார், மேலே வீடு. இன்றைய காருக்கு அடியில் பிளாஸ்டிக் கவர். ஆயிலும் மெலிந்து 0டபிள்யூ-20 வரை வந்துவிட்டது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும். சர்வீஸ் சென்டரில் "சார், நீங்க ஏசில உட்காருங்க, முடிஞ்சதும் கூப்பிடறோம்" என்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயில் இறங்குகிறது. எந்த நிறத்தில் இறங்கியது என்று பில்லில் இருக்காது.

ஆனால் அந்த ஆயில் போகவேண்டிய இடத்துக்கு இன்று சட்டம் வழி வைத்திருக்கிறது. 2016-ன் அபாயக் கழிவு விதிகளின்படி அதை டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைச் சுத்திகரித்து மறுபடி மூல எண்ணெயாக்கலாம். 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே அந்தப் பொறுப்பில் பங்கு வந்திருக்கிறது. இதை நான் முழு மனதாக வரவேற்கிறேன். அப்பா காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை கிணறு பிழைத்திருக்கும்!

கையும் அழுக்காக வேண்டும், மணலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பவனுக்குத்தான் இந்த ஏற்பாட்டில் இடம் இல்லை. நான் இன்னும் ஆயிலை நானே மாற்றுகிறேன். என் அண்ணன் மகள் கேஜைப் பார்த்துச் சொல்கிறாள். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுக்கிறேன். பட்டறைக்காரர் தெரிந்தவர், வாங்கிக்கொள்கிறார். தெரியாதவர்கள் எங்கே கொண்டுபோவார்கள்? அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கின்றன. திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆயில் விற்காத பெட்ரோல் பங்க் உண்டா? விற்கிற ஒவ்வொரு பங்க்கிலும், காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கழிந்த ஆயிலுக்கு ஒரு டிரம் வைக்கட்டும். மாநகராட்சி அதைக் கட்டாயமாக்கட்டும்.