ஹிட்லர் மன்னிப்புக் கேட்ட கதை

நாஞ்சில் நாட்டில் ஹிட்லரைப் பற்றிப் பேச்சு வந்தால் உலகப் போர், ஸ்டாலின்கிராட் எல்லாம் பிறகு. முதலில் வருவது, "நம்ம செண்பகராமன் பிள்ளைகிட்ட அவன் மன்னிப்புக் கேட்டாம்லா வே!" சொல்கிறவரைப் பொறுத்து ஹிட்லர் கடிதத்தில் கேட்பார், நேரில் கேட்பார், வடசேரிச் சந்தைப் பக்கம் போனால் கையைக் கட்டித் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்பார். இன்னும் பத்து வருஷம் போனால் சாஷ்டாங்கமாக விழுந்துவிடுவார்.

எம்டன் கதை இதற்கு மூத்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அந்த ஜெர்மன் கப்பலில் பிள்ளைவாள் நின்றுகொண்டு, "அந்தா, அந்தத் தொட்டியை அடி" என்று கைகாட்டினாராம். எம்டன் ஜூலைக் கடைசியில் சீனத்துச் சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பல். ஐரோப்பாப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பிள்ளையோ அந்தக் கோடையில் ஸூரிக்கில் இந்தியாவுக்காகச் சங்கம் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். ஸூரிக்கில் கடல் கிடையாது. இதை வடசேரியில் சொல்லிப் பாருங்கள், டீக்காசை நாம்தான் கொடுக்க வேண்டிவரும்.

இத்தனைக்கும் கட்டுக்கதை தேவைப்படாத ஆள் அவர். 1891இல் திருவனந்தபுரத்தில் பிறப்பு, பூர்வீகம் நாஞ்சில் நாடு, அப்பா திருவிதாங்கூர் போலீஸ்காரர். வால்டர் ஸ்ட்ரிக்லேண்ட் என்ற வெள்ளைக்கார உயிரியல் ஆய்வாளரோடு பையனாக ஐரோப்பாவுக்குப் போனார். போர் வந்ததும், பிரிட்டிஷ்காரனை விரட்ட ஜெர்மன்காரனைப் பிடித்தார். 1915 டிசம்பரில் ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அமைத்தபோது வெளியுறவு அமைச்சர் யார்? நம்மாள்தான். அரசு காபூலில், அமைச்சர் பெர்லினில், நாடு லண்டன் கையில். வெளியுறவு என்றாலும் இவ்வளவு வெளியே இருக்கக் கூடாது.

போர் முடிந்தது. கெய்சர் ஹாலந்துக்கு ஓடிப்போனார். ஐரோப்பாவில் சர்வாதிகாரி சீசன் ஆரம்பம். முக்கடல் வைத்திருக்கிற நம் குமரியில் ஒரு அட்மிரல் கிடையாது. கடலே இல்லாமல் போன ஹங்கேரியை 1920 முதல் அட்மிரல் ஹோர்த்தி ஆண்டார், அதுவும் ராஜா இல்லாத ராஜ்யத்துக்கு ராஜப் பிரதிநிதியாக. 1922இல் முசோலினி ரோமாபுரி மீது படையெடுத்தார். அதாவது, கறுப்புச் சட்டைக்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு கிடக்க, தலைவர் மிலானிலிருந்து ரயிலில் தூங்கிக்கொண்டே வந்து இறங்கினார். ராஜா கூப்பிட்டு நாற்காலியைக் கொடுத்தார். அல்பேனியாவின் ஜோகு ஜனாதிபதியாக இருந்து சலித்துப்போய் 1928இல் தன்னைத்தானே ராஜாவாக்கிக்கொண்டார். போர்ச்சுகலில் 1932இல் ஒரு பொருளாதாரப் பேராசிரியர், சலாசர், பிரதமரானார். வகுப்பு முடிந்து மணியடிக்க 1968 ஆகிவிட்டது.

ஹிட்லர் இந்தியாவைப் பற்றி என்ன நினைத்தார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. தன் சுயசரிதையிலேயே, ஐரோப்பாவில் திரிந்த இந்திய விடுதலைக்காரர்களை வித்தைகாட்டிகள் என்ற ரீதியில் நக்கலடித்து, இந்தியா பிரிட்டிஷ்காரன் கையில் இருப்பதே மேல் என்று எழுதியிருந்தார். 1931இல் மறுபடி அதே பாட்டு. பிள்ளைக்குப் பொறுக்கவில்லை, கண்டித்துக் கடிதம் எழுதினார். மன்னிப்பு விஷயத்தை வடசேரிக்கே விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. இந்தியனுக்கு நாடாளத் தகுதி உண்டா என்று தீர்ப்புச் சொன்ன அந்த மனுஷனுக்கு 1931இல் சொந்தமாக ஒரு நாடே கிடையாது. ஆஸ்திரியக் குடியுரிமையை 1925இலேயே விட்டாயிற்று, ஜெர்மனியது கிடைக்கவில்லை. 1932 பிப்ரவரியில் பிரவுன்ஷ்வைக் மாநிலத்தில் கட்சிக்காரர்கள் அவரைப் பெயருக்கு ஒரு அரசு அதிகாரியாக்கித்தான் பின்கதவு வழியாக ஜெர்மானியராக்கினார்கள்.

இனி வருவதைக் கதை சொல்கிறவர்கள் லேசாகத் தாண்டிப் போவார்கள். பிள்ளை ஒட்டியிருந்தது ஜெர்மன் தேசியவாதிகளை. அவர்கள் தலைவர் ஹூகன்பெர்க்: பத்திரிகைகளுக்கும் ஊஃபா சினிமாக் கம்பெனிக்கும் முதலாளி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தன்னம்பிக்கை. 1933 ஜனவரி 30 காலை ஹிட்லருக்குப் பதவி கொடுக்க 85 வயது ஹிண்டன்பர்க் காத்திருக்கிறார்; வெளி அறையில் ஹூகன்பெர்க் புதுத் தேர்தல் கூடாதென்று ஹிட்லரோடு மல்லுக்கட்டுகிறார். கிழவரைக் காக்க வைக்கலாமா என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்ட, சண்டை அடங்கியது. அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். இரண்டு மாதத்தில் ஆளை மூலையில் நெருக்கிக் கீச்சிட வைத்துவிடலாம் என்றார் துணைச் சான்சலர் பாப்பன். தென்னந்தோப்புக் காவலுக்குச் சண்டியனை வைத்துவிட்டு, பத்திரத்தையும் அவன் கையிலேயே கொடுத்த மாதிரி. ஜூன் கடைசியில் ஹூகன்பெர்க்குக்கு மந்திரி வேலை போயிற்று. கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

பிள்ளைக்கு அண்டிநின்ற நிழலும் போயிற்று. நாஜிகளின் பகை மட்டும் மிச்சம். 1934 மே 26ஆம் தேதி பெர்லினில் செத்துப்போனார், வயது 42. அடித்ததால் என்றும் விஷத்தால் என்றும் ஊரில் இரண்டு பாடம் உண்டு. மனைவி லட்சுமிபாய் அஸ்தியை விடாமல் காத்து 1966இல் ஐ.என்.எஸ். டெல்லி கப்பலில் கொண்டுவந்தார். கொஞ்சம் கரமனை ஆற்றில், மீதி நாஞ்சில் நாட்டு வயலில் என்பது பிள்ளையின் ஆசை. எம்டனில் ஏறாதவர் கடைசியில் ஒரு போர்க்கப்பலில் ஏறித்தான் ஊர் வந்தார்.

பாப்பன் அப்போதும் உயிரோடிருந்தார். நியூரம்பர்க் வழக்கில் விடுதலையாகி, 1952இல் தன் பக்கத்து நியாயத்தைத் தடிமனாக ஒரு புத்தகமாகவும் போட்டு, 1969இல் எண்பத்தொன்பதாவது வயதில்தான் போய்ச் சேர்ந்தார்.